அத்தியாயம் 7: குதிரை போகாத ஊருக்கு எதில் போவது?

1991-இல் வெளிவந்த ‘டார்க் சன்’ கேம்பெயின் உலகத்தில் குதிரை கிடையாது. கடல் வற்றிப் புழுதியாகிவிட்ட, இரும்பு கிடைப்பதே அரிதாகிவிட்ட பாலை உலகம் அது. அங்கே பயணம் போகிறவர்கள் ‘காங்க்’ என்ற பெரிய பூச்சியின் முதுகில் ஏறுகிறார்கள். அந்தப் பூச்சிக் கூட்டத்தில் ஒரு வகை, தேன் போன்ற ஒன்றைச் சுரக்கும். வழியில் கட்டுச்சோறு தீர்ந்தால் அதுவே ஆளுக்கும் ஆகாரம். வணிகர்களின் பிரம்மாண்டமான வண்டிகளை இழுப்பது ‘மெக்கிலாட்’ என்ற ராட்சதப் பல்லி. அதன் பக்கத்தில் போகும் பாகனுக்குத் தன் உயிர் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக எழுதப்பட்ட உலகங்களில் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். அங்கே விலங்கு அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்ததாகத் தெரிகிறது. புதிதாக ஆட்டம் நடத்தும் டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம், பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறார். விநோத உயிரினங்களைப் பட்டியலிடும் மான்ஸ்டர் மேனுவலைப் புரட்டுகிறார், அழகான படம் ஒன்று கண்ணில் படுகிறது, அதன் முதுகில் சேணத்தை மாட்டிவிடுகிறார். இரண்டு செஷன் கழிந்ததும் அந்த விலங்கு இறக்கை ஒட்டிய குதிரையாகிவிடுகிறது. யாரும் அதற்குத் தீனி போடுவதில்லை, அது எதற்கும் மிரளுவதில்லை, இரவில் எங்கே படுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

குதிரை நம்பகமான, வேகமான, ஓரளவு மலிவான விலங்கு. அது நன்றாக ஓடும் இடத்தில் மனிதர்கள் பெரும்பாலும் வேறொன்றைத் தேடியதில்லை. ஆகவே டிஎம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த நிலத்தில் குதிரை ஏன் தோற்கிறது என்பதுதான். பதில் கிடைத்துவிட்டால் விலங்கு தானாக வந்து நிற்கும். இதற்கு உலகத்தில் உண்மையான உதாரணங்கள் நிறையவே இருக்கின்றன.

அமேசான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மராஜோ என்ற பெரிய தீவு இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் புல்வெளிகள் பெருமளவு தண்ணீரில் மூழ்கிவிடும். சேற்றில் குதிரையின் குளம்பு இறங்கிவிடும். எருமையின் அகன்ற குளம்பு தாங்கும். ஆழம் வந்தால் எருமை நீந்தவும் செய்யும். அந்தத் தீவின் சூரே நகரில் போலீஸார் எருமை மேல் ஏறி ரோந்து போகிறார்கள். ஒரு சதுப்பு நாட்டை வரைந்து வைத்திருக்கும் டிஎம்முக்கு இது நேரடியாகப் பயன்படும். காவல்படை எருமையில் வருகிறது, கடத்தல்காரன் படகில் தப்புகிறான், துரத்தல் தண்ணீருக்குள் இறங்கியும் தொடர்கிறது.

குஜராத்தின் கட்ச் கடற்கரையில் இன்னொரு அதிசயம். காராய் என்ற ஒட்டக இனம் அங்கே கடலில் நீந்தி அலையாத்திக் காடுகளுக்குப் போய் மேய்கிறது. 2015-இல் இது தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. ஃபகிராணி ஜாட், ரபாரி சமூகத்து மேய்ப்பர்கள் இவற்றை வளர்க்கிறார்கள். உப்பு இலையைத் தின்று தீவுகளில் இருக்கும் மந்தை, குடிநீருக்காகக் கரைக்குத் திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் குழிகளில் நல்ல தண்ணீர் தேங்கினால் அங்கேயே தங்கலாம். இவற்றை முக்கியமாகப் பாலுக்காகவே வளர்க்கிறார்கள், போருக்காக அல்ல. ஆனால் ஆட்டத்தின் கண்ணோடு பார்த்தால், வறண்ட கரையும் தீவுக்கூட்டமும் உள்ள ஒரு நாட்டுக்கு நீந்தும் ஒட்டகப் படையைவிடப் பொருத்தமானது எது? நன்னீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வேண்டும் என்ற ஒரே ஒரு விதி போதும், வரைபடத்தில் ஒவ்வொரு கிணறும் முக்கியமான இடமாகிவிடும். எதிரி கிணற்றைப் பிடித்தால் படையே கரை ஒதுங்க வேண்டியதுதான்.

சற்று நின்று பார்க்க வேண்டியது ரெயின்டீர் மான். சைபீரியாவின் ஊசியிலைக் காடுகளில் ஈவெங்கி மக்கள் இதன் மேல் சவாரி செய்கிறார்கள். ரெயின்டீரின் நடுமுதுகு பாரம் தாங்காது. அதனால் சேணத்தை முன்னால், தோள்பட்டைக்கு மேல் வைக்கிறார்கள். அதில் அங்கவடி இல்லை. ஏறுகிறவர் ஒரு நீண்ட கோலை ஊன்றி எழும்பி உட்காருகிறார். போகும் வழியெல்லாம் சமநிலைக்கும் அந்தக் கோல்தான் துணை. இங்கே ஓர் ஆட்டக்காரர், “நான் ஈட்டியோடு பாய்கிறேன்” என்று சொன்னால் டிஎம் என்ன செய்வார்? அங்கவடி இல்லாமல், கையில் கோலோடு, மானின் தோளில் உட்கார்ந்திருப்பவர் முழு வேகத்தில் ஈட்டியைச் செருகுவது கடினம். அவர் இறங்கித்தான் சண்டை போடுவார், அல்லது வில்லை எடுப்பார். விலங்கு மாறியதும் அந்த மக்களின் போர்முறையே மாறிவிடுகிறது.

அந்த மான் மனிதனோடு ஏன் இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அதற்கு உப்பு ஆசை அதிகம். மனிதர்களிடம் உப்பு இருக்கிறது. கோடையில் சைபீரியக் கொசுக்கள் மொய்க்கும்போது ஈவெங்கிகள் பச்சை மரத்தையும் பாசியையும் போட்டுப் புகைமூட்டம் எழுப்புகிறார்கள். மந்தை தானாக வந்து புகைக்குள் நிற்கும். கயிறும் வேலியும் செய்யாததைப் புகை செய்கிறது. இதை அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கோடையில் முகாம் போட்டால் புகை போட்டாக வேண்டும், புகை போட்டால் எதிரிக்கு இடம் தெரியும். போடாவிட்டால் விடிவதற்குள் மான்கள் காட்டுக்குள் போயிருக்கும். ஒவ்வோர் இரவும் ஆட்டக்காரர்கள் தாங்களே எடுக்க வேண்டிய முடிவு இது, பகடை தேவையே இல்லை. குளிர்காலத்தில் ரெயின்டீர் பனியைத் தோண்டி லைக்கனைத் தின்னும். நம் சமையலறைக் கல்பாசியின் தூரத்து உறவு அது. ஆகவே தீனி மூட்டை தேவையில்லை. ஆனால் பனி உறைந்து கட்டியாகிவிட்டால் குளம்பால் தோண்ட முடியாது, மந்தை பட்டினி கிடக்கும்.

அடுத்த கேள்வி, இத்தகைய விலங்கு எத்தனை பேரிடம் இருக்கும் என்பது. இங்கே பழக்குவதற்கும் வீட்டு விலங்காக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை டிஎம் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் செட்சி ஈ பரப்பும் நோயில் குதிரைகள் மடிந்தன. வரிக்குதிரை அந்த மண்ணிலேயே வாழ்வதால் தாக்குப்பிடித்தது. 1900-களின் தொடக்கத்தில் நைரோபியில் மருத்துவம் பார்த்த கோவாக்காரர் டாக்டர் ரொசெண்டோ ரிபெய்ரோ, வரிக்குதிரையில் ஏறி நோயாளிகளின் வீடுகளுக்குப் போனவர். லண்டனில் வால்டர் ராத்ஸ்சைல்ட் வரிக்குதிரைகள் பூட்டிய வண்டியைப் பக்கிங்ஹாம் அரண்மனை வரை ஓட்டிக்காட்டினார். இரண்டுமே உண்மைதான். ஆனாலும் வரிக்குதிரைப் படை என்று ஒன்று எழும்பவில்லை. தனி ஒரு விலங்கைப் பொறுமையாகப் பழக்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சாதுவான குட்டிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்காமல் ஓர் இனத்தையே சேணத்துக்குள் கொண்டுவர முடியாது. எனவே கேம்பெயினில் ஒரு நாயகி காட்டு விலங்கில் வரலாம், அது அவளுடைய பெருமை. ஒரு படையே அதில் வந்தால் அதற்குப் பின்னால் பண்ணையும் பரம்பரை வளர்ப்பாளர்களும் இருந்தாக வேண்டும்.

யானை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு இருந்தும், வரலாற்றில் பெரும்பாலான யானைகள் காட்டில் பிடித்துப் பழக்கப்பட்டவையே. காரணம் கணக்குத்தான். கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். குட்டி வேலைக்குத் தயாராகப் பல ஆண்டுகள். அதுவரை தீனி தண்டம். 20 வயது யானையைப் பிடிக்க வேண்டும், கோடையில் பிடிக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் சொல்வதன் பொருளாதாரம் இதுதான். யானை வேண்டுமென்றால் அரசனுக்குக் காடு வேண்டும், அந்தக் காட்டைக் காக்க வேண்டும், அதை அறிந்த பழங்குடிகளோடு நல்லுறவு வேண்டும். முதுமலையின் தெப்பக்காடு முகாமில் இன்றும் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் சேர்ந்துதான் யானையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ராகியும் கொள்ளும் வேகவைத்துக் கவளமாக உருட்டி ஊட்டுகிறார்கள். யானையை வாங்குகிற கதாபாத்திரம் கூடவே இரண்டு மனிதர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் பொறுப்பேற்கிறது. அந்த இருவரும் பெயரும் குணமும் உள்ள துணைப்பாத்திரங்களாக மேசைக்கு வர வேண்டும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விலைப்பட்டியலில் யானை 200 தங்க நாணயம், போர்க்குதிரை 400. யானையின் விலை குதிரையின் விலையில் பாதி! இதை மாற்ற வேண்டியதில்லை, தீவனத்தைச் சேர்த்தாலே கணக்கு நேராகிவிடும். அதே பட்டியலில் 10 பவுண்டு தீவனம், அதாவது சுமார் நாலரை கிலோ, 5 செப்புக் காசு. வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தின்னும். அதற்கு 33 பங்கு தீவனம், 165 செப்புக் காசு, ஒன்றரைத் தங்கத்துக்கும் மேல். ஒரு மனிதர் எளிய வாழ்க்கை நடத்த அந்தப் புத்தகம் சொல்லும் செலவே ஒரு நாளைக்கு 1 தங்கம்தான். காட்டில் மேயவிட்டால் காசு மிச்சம், ஆனால் பகலில் பெரும்பகுதி மேய்ச்சலுக்கே போய்விடும். நான்கு மாதம் நகரத்தில் கட்டிப்போட்டுத் தீனி போட்டால் வாங்கிய விலையே தீனிக்குப் போயிருக்கும்.

பறக்கும் விலங்குக்கு வருவோம். மேசையில் எல்லோரும் கேட்பது இதைத்தான், கேம்பெயினைக் குலைப்பதும் இதுதான். மலைக்கணவாயில் கொள்ளையர், பாலம் உடைந்த ஆறு, எல்லைக் காவல் என்று டிஎம் மூன்று வாரம் யோசித்து வைத்ததையெல்லாம் ஒரு கிரிஃபின் 10 நிமிடத்தில் தாண்டிவிடும். புத்தகப்படி அது ஒரு சுற்றில் 80 அடி பறக்கும். எந்த நேரத்தில், எந்த வானிலையில் என்ற கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாட்டை டிஎம் தான் உண்டாக்க வேண்டும். அதை எங்கே எடுப்பது? உண்மையான பறவைகளிடம்.

உடலின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். பெரிய பறவைகள் சிறகடித்துப் பறக்கத் திணறுவது இதனால்தான். அறியப்பட்ட மிகப்பெரிய பறக்கும் உயிரினங்களில் ஒன்றான குவெட்சால்கோட்லஸ், சிறகு விரித்தால் சுமார் 10 மீட்டர். அதன் உடல் எடை 200 முதல் 250 கிலோவுக்குள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கவசம் போட்ட வீரனைச் சுமக்க மந்திரம் வேண்டும். கற்பனை உலகத்தில் மந்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மந்திரம் எடையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். காற்றின் விதிகளை அப்படியே வைத்திருப்பது ஆட்டத்துக்கு நல்லது.

பாறு கழுகு காலையில் பறக்கச் சோம்பும். தரை சூடேறி வெப்பக் காற்று தூணாக எழும்பும் வரை காத்திருக்கும். பிறகு அந்தத் தூணுக்குள் வட்டமிட்டு உயரம் ஏறி, அடுத்த தூண் வரை சறுக்கிக்கொண்டே போகும். செங்கால் நாரையும் இப்படித்தான். கடலுக்கு மேல் அத்தகைய காற்று எழாததால், ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும் நாரைகள் மத்தியதரைக் கடலை நேராகக் கடப்பதில்லை. ஜிப்ரால்டரிலும் பாஸ்பரஸிலும், கரைகள் நெருங்கும் இடம் பார்த்துக் கடக்கின்றன. இந்த விதியை ஒரு ராட்சதக் கழுகுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். காலை 10 மணிக்கு முன் எழும்பாது, மாலை 4 மணிக்குள் இறங்க வேண்டும், மழைநாளில் தரைதான், பெருங்கடல் மேல் போகவே போகாது. உடனே வரைபடத்தில் இரண்டு ஜலசந்திகள் உயிர்பெறுகின்றன. அங்கே சுங்கம் வசூலிக்கும் கோட்டை ஒன்று எழும்புவது இயல்பு. வில்லாளிகள் காத்திருக்கும் இடமும் அதுவே.

இதற்கு நேரெதிர் வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வலசை வரும் பறவை. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரைக்கும் வந்து சேர்கிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பது பதிவானது. இது காற்றுத்தூணை நம்புவதில்லை, விடாமல் சிறகடிக்கிறது. குளிர்ந்து அடர்ந்த காற்று சிறகுக்குப் பிடிமானம் தருவதால் இரவிலும் அதிகாலையிலும் மலையேறுவதை விரும்புகிறது. ஒரே கேம்பெயினில் இரண்டு நாடுகள் இருக்கட்டும். ஒன்றிடம் பகலில் மட்டும் மிதக்கும் கழுகு, மற்றதிடம் இரவில் சிறகடிக்கும் வாத்து. இரண்டு படைகளும் வானத்தில் சந்திப்பதே அரிது. விடியும் வேளையில், ஒன்று இறங்கும்போது மற்றது இன்னும் எழும்பாத அந்தச் சிறு இடைவெளியில்தான் தாக்குதல் நடக்கும். இந்தப் போரை நடத்தப் புது விதி எதுவும் தேவையில்லை.

புத்தக விதிப்படி, பறப்பவற்றுக்கு விசேஷச் சேணம் கட்டாயம், விலை 60 தங்கம். விழுந்தால் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை சேதம், உச்சம் 20 பகடை. அந்தரத்தில் நிலைத்து நிற்கும் திறன் இல்லாத விலங்கை யாராவது அசையவிடாமல் கட்டிவிட்டால் அது சவாரியோடு சேர்ந்து விழும். இந்த மூன்றையும் ஆட்டக்காரர் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பல்லி, உடும்பு வகைகள் பாதாள நகரங்களுக்கு ஏற்றவை. பல்லி ஓடும்போது உடல் இடமும் வலமுமாக வளைகிறது. அந்த வளைவு நுரையீரலை அழுத்துவதால் ஓடிக்கொண்டே நன்றாக மூச்சுவிடப் பெரும்பாலான பல்லிகளால் முடிவதில்லை. ஆகவே மின்னல் பாய்ச்சல், பிறகு ஓய்வு. காலையில் வெயில் காயாமல் சுறுசுறுப்பு வராது. பாதாளத்தில் வெயில் ஏது? சூடான ஊற்றோ எரிமலைப் பாறையோ பக்கத்தில் இருக்கும் ஊரில்தான் பல்லிச் சவாரி இருக்கும். லாபமும் உண்டு. கொமோடோ உடும்பு ஒரே வேளையில் தன் எடையில் பெரும்பங்கைத் தின்றுவிட்டுப் பல நாள் சும்மா இருக்கும். நீண்ட பயணத்தில் தினசரித் தீவனக் கவலை இல்லை. ஆனால் கடைசியாக எப்போது தின்றது என்பதைச் சவாரி செய்கிறவர் மறக்கக் கூடாது.

உருவத்தில் சிறிய இனங்களுக்கு ஒரு சலுகை உண்டு. விதிப்படி சவாரி விலங்கு ஏறுகிறவரைவிட ஒரு படி பெரிதாக இருந்தால் போதும். ஆகவே ஹாஃப்லிங் என்ற சிறிய மக்கள் பெரிய நாயிலும் ஓநாயிலும் ஏறலாம். 2004-இல் வந்த எபரான் உலகின் தலெண்டா சமவெளியில் அவர்கள் டைனோசர் மேலேயே திரிகிறார்கள்.

விலங்கு மக்களின் வழக்கத்துக்குள் இறங்கும்போது ஆட்டம் இன்னும் கனமாகிறது. கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த குளோராந்தா உலகின் பிராக்ஸ் சமவெளியில் ஒரு குலம் காட்டெருமையில், ஒன்று கருங்கொம்பு மானில், ஒன்று இம்பாலாவில், ஒன்று உயர லாமாவில் ஏறுகிறது. குதிரை அங்கே வெறுக்கப்படுவது. யார் யாரைத் தின்பது என்று ஆதியில் விலங்குகளும் மனிதர்களும் போட்டி வைத்துக்கொண்டார்கள் என்பது அவர்களின் புராணம். அதில் டேபிர் என்ற விலங்கைப் போன்ற மொரோகாந்த் இனம் மட்டும் மனிதர்களை ஜெயித்துவிட்டது. அதனிடம் தோற்ற மனிதர்கள் அறிவிழந்து அதன் மந்தையாக மேய்கிறார்கள். குதிரையில் வரும் அந்நியனை இந்த மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று டிஎம் தனியாக எழுதிவைக்கவே வேண்டாம். நம்மிடமும் இதற்கு நிகரான ஊற்று உண்டு. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரை மேலும் யாளி மேலும் வீரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி எதைத் தின்னும், எந்தக் காட்டில் கிடைக்கும், யார் அதைப் பழக்கும் குடி என்று எழுதத் தொடங்கினால் ஒரு முழுக் கேம்பெயின் அங்கேயே இருக்கிறது.

இனி மேசை நடைமுறை. ஐந்தாம் பதிப்பில் பழக்கிய விலங்கைச் சவாரி செய்கிறவர் கட்டுப்படுத்தலாம். அப்போது அது விரைந்தோடும், விலகும், தற்காக்கும், தாக்காது. கட்டுப்படுத்தாமல் விட்டால் தன் முறையில், தன் விருப்பப்படி செயல்படும். விநோத விலங்குகளுக்கு இந்த இரண்டாவதே நல்ல தொடக்கம். முதல் சில செஷன்களில் அது தன்னிச்சையாக நடக்கட்டும். உடனிருந்து தீனி போட்டு, ஒரு நெருக்கடியைச் சேர்ந்து கடந்த பிறகு கட்டுப்பாடு கைவரட்டும். அதை ஒரு பகடையில் முடித்துவிடுவது அந்த விலங்கை வீணடிப்பது.

ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் அச்சம் எழுதி வைக்க வேண்டும். கி.மு. 202-இல் ஜாமா போரில் கார்த்தேஜ் யானைகள் பாய்ந்து வந்தபோது ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தன் அணிகளுக்கு நடுவே நீண்ட சந்துகளை விட்டுவைத்திருந்தார். கொம்பும் எக்காளமும் அலற, மிரண்ட யானைகளில் சில சந்து வழியே ஓடி வெளியேறின. சில திரும்பித் தங்கள் குதிரைப்படைக்குள்ளேயே புகுந்தன. எதிரிக்கு இந்த அச்சம் தெரிந்திருக்கிறதா என்பதை வைத்தே ஒரு முழு ஒற்றர் கதையை நடத்தலாம்.

கடைசியாக, விலங்கு அடிபட்டால். வழக்கமாக உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்ததும் மான்ஸ்டர்கள் செத்துவிடும். முக்கியமான துணைப்பாத்திரங்களுக்கு மட்டும் டிஎம் விதிவிலக்கு தரலாம். பெயர் வைத்து, பல செஷன் உடன்வந்த விலங்குக்கும் அந்த விலக்கைத் தந்து, சாவை எதிர்க்கும் பகடையை அதன் சவாரிக்காரரே உருட்டட்டும். காயமாற்றும் மந்திரம் விலங்குக்கும் பலிக்கும், ஆனால் முறிந்த சிறகு ஒரே மந்திரத்தில் பறக்கத் தயாராகக் கூடாது. பக்கத்துக் கிராமத்தில் இந்த இனத்தை அறிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறாரா, அவர் ஆட்டக்காரர்களிடம் கூலியாக என்ன கேட்பார் என்பதை டிஎம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அடுத்த செஷனை அவருடைய கொட்டகையிலிருந்தே தொடங்கிவிடலாம்.